தண்டனைக் கைதியும் வக்கீலும்: ஓர் உளவியல் த்ரில்லர் நாவலை எந்த வரிசையில் எழுதுவது

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஒருவர், அவருக்காக மேல்முறையீடு நடத்தும் வக்கீல். இந்த இருவரை வைத்து நாவல் எழுத ஆரம்பித்தவர்களின் பிரதிகளை நிறையப் படித்திருக்கிறேன். நானும் ஒன்றை எழுதி, பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் எல்லாரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். முதல் நாளே முதல் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்துவிடுகிறோம். சிறை வாசல், மழை, கம்பிக்குப் பின்னால் ஒரு சிரிப்பு என்று நன்றாகவே போகும். பத்தாவது அத்தியாயத்தில் கதை நின்றுவிடும். அந்த வழக்கில் என்னென்ன ஆதாரம் இருந்தது என்பதே எழுதுபவருக்குத் தெரியாது.

இந்த வகைக் கதையில் தீர்ப்பு வந்து முடிந்துவிட்டது. யார் கொன்றது என்ற கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. காகிதம் ஒன்று சொல்கிறது, அந்த மனிதர் வாயால் வேறொன்று சொல்கிறார். வாசகரைத் தூங்கவிடாமல் செய்வது இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரம்தான். அதனால் காகிதத்தை முதலில் தயார் செய்யுங்கள், ஆட்களை அப்புறம்.

ஒரே ஒரு கற்பனை வழக்கைக் கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். இடம் திண்டுக்கல், ஆண்டு 2017. தனியாக இருந்த ஒரு வட்டிக்காரர் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். வீடு வெளியே பூட்டியிருக்கிறது. தொங்குவது கையால் செய்த மாங்காய்ப் பூட்டு. அதைச் செய்துகொடுத்த 48 வயதுத் தொழிலாளிக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டை எடுத்து நடத்துபவர் 34 வயதான ஒரு பெண் வக்கீல்.

தொடங்கும் முன் தேவையானவை

சென்னை உயர் நீதிமன்றத்தின் கொலை மேல்முறையீட்டுத் தீர்ப்புகளில் பத்தையாவது முழுசாகப் படியுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சாட்சிகள் ஒவ்வொருவரும் எதற்காக வந்தார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். மூன்றாவது தீர்ப்பிலேயே ஒரு வடிவம் பிடிபட்டுவிடும்.

அடுத்து, உங்கள் ஊர் மாவட்ட நீதிமன்றத்தில் அமர்வு வழக்கு (கொலை போன்ற பெரிய குற்ற வழக்கு) நடக்கும்போது நான்கு நாள் போய் உட்காருங்கள். பொதுவாகக் குற்ற விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும், யாரும் போகலாம். நீதிபதி சுத்தியலால் தட்டுவதில்லை, ஜூரி கிடையாது, சாட்சியை நோக்கி யாரும் கத்துவதில்லை என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். பெயர் கூப்பிடப்படும் வரை சாட்சிகள் வராந்தாவில் காத்திருப்பதையும், வழக்குத் தள்ளிப்போனதும் டீ கூடக் குடிக்காமல் பஸ் ஏறுவதையும் பாருங்கள். நாவலுக்கு வேண்டிய பாதி விஷயம் அந்த வராந்தாவில் இருக்கிறது.

கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரின் பழக்கமும் வேண்டும். அவருடைய கட்சிக்காரர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர் சொல்லவும் மாட்டார், சொல்லவும் கூடாது. நடைமுறையை மட்டும் கேளுங்கள்.

1. குற்றம் நடந்த தேதியை முடிவு செய்யுங்கள்

முதலில் தேதி, ஏனென்றால் சட்டப் பிரிவுகள் தேதியோடு மாறுகின்றன. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் அமலில் இருக்கின்றன. அதற்கு முன் நடந்த கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302. அதற்குப் பின் நடந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 103. நம் உதாரணம் 2017 என்பதால் 302. புதியவர்கள் 2016இல் நடந்த கொலைக்கு 103 போட்டுவிடுகிறார்கள். சட்டம் தெரிந்த ஒரு வாசகர் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுவார்.

அடுத்தது, ஆயுளா தூக்கா என்பது. தூக்குத் தண்டனை விதித்தால் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. வழக்கு தானாகவே மேலே போகும். ஆயுள் என்றால் கைதி மேல்முறையீடு செய்ய வேண்டும். உயர் நீதிமன்றத்துக்கு அதற்கான கெடு 60 நாள், தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம். ஆரம்பத்தில் எல்லாரும் தூக்கையே தேர்ந்தெடுக்கிறார்கள். நான் ஆயுளைத்தான் சொல்வேன். தூக்கு என்றால் கடிகாரம் கதையை விழுங்கிவிடும். இரண்டு மனங்கள் ஒன்றையொன்று மெதுவாக அரிப்பதைக் காட்ட நேரம் இருக்காது.

2. உண்மையில் நடந்ததை இரண்டு பக்கத்தில் எழுதி மூடி வையுங்கள்

நாவலில் யாருக்கும் முழுசாகத் தெரியாத உண்மை எழுதுபவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். 'எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் கைதியின் பொய்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. உண்மை தெரிந்தவனால்தான் சீராகப் பொய் சொல்ல முடியும்.

நம் உதாரணத்தின் உண்மை இது. அவர்தான் கொன்றார். வீட்டைப் பூட்டியது அவர் இல்லை. அப்பாவைத் தேடிவந்த 19 வயது மகள் உள்ளே பார்த்துவிட்டு, பதறிப்போய், அந்த வீட்டுப் பூட்டுக்குப் பட்டறையில் மிஞ்சியிருந்த இரண்டாவது சாவியை எடுத்துவந்து பூட்டிவிட்டுப் போனாள். போலீஸ் சாவியைக் கேட்டபோது, மகள் பக்கம் யாரும் திரும்பக்கூடாது என்று வேறொரு பூட்டின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அதாவது தீர்ப்பு சரி, தீர்ப்புக்குப் போன வழி தவறு. 'அவர் நிரபராதி' என்பதும் 'அவர் அரக்கன்' என்பதும் எளிதான வடிவங்கள். இருநூறு பக்கம் தாங்காது. ஒரு பாதி உண்மையும் ஒரு பாதி பொய்யும் சேர்ந்த வடிவம் தாங்கும்.

3. வழக்குக் கட்டைத் தயார் செய்யுங்கள்

அதிக நாள் எடுக்க வேண்டிய படி இதுதான். எனக்கு ஆறு வாரம் ஆனது. வக்கீலின் மேசையில் இருக்கும் டைப் செட்டில், அதாவது வழக்கு ஆவணங்களின் தட்டச்சுத் தொகுப்பில், என்னென்ன இருக்குமோ அவற்றை நீங்களே எழுத வேண்டும். நாவலில் அப்படியே வராது, வரவும் கூடாது. ஆனால் வக்கீல் ராத்திரி எதைப் புரட்டுகிறார் என்று எழுதும்போது உங்கள் கையில் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

முதல் தகவல் அறிக்கையிலிருந்து ஆரம்பியுங்கள். புகார் கொடுத்தவர் யார், எத்தனை மணிக்குப் பதிவானது, மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று மூன்று விவரமும் வேண்டும். மாஜிஸ்திரேட் வாங்கிய நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடுவார். கொலை மேல்முறையீட்டில் வக்கீல் முதலில் தேடுவது அந்தக் கையெழுத்தைத்தான். நம் வழக்கில் பதிவு காலை 7 மணி, மாஜிஸ்திரேட்டுக்குப் போனது மாலை 4.30. நடந்தே போகிற தூரத்துக்கு ஒன்பதரை மணி நேரம்!

அப்புறம் பார்வை மகஜர் (சம்பவ இடத்தில் கண்டதைப் போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று. மகஜரை எழுதும்போது கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்: 'தெற்குப் பார்த்த ஒற்றைக் கதவு. கொண்டி நெம்பி எடுக்கப்பட்ட நிலையில். பூட்டு கொண்டியோடு தொங்குகிறது, பூட்டிய நிலையில்.' உறவுக்காரர்கள் கொண்டியை நெம்பித்தான் உள்ளே போனார்கள், பூட்டு உடையவில்லை. மகஜர் எழுதிய எஸ்.ஐ.க்கு இது ஒரு சாதாரண வரி. உங்கள் நாவல் முழுக்க இந்த வரியில்தான் தொங்கப் போகிறது.

பிரேதப் பரிசோதனையில் இறந்த நேரத்தை ஒரு வரம்பாகத்தான் சொல்வார்கள். 14ஆம் தேதி மதியம் 2 மணிக்குப் பரிசோதனை, '18 முதல் 24 மணி நேரத்துக்கு முன்' என்று கருத்து. கணக்குப் போட்டால் முந்தின நாள் மதியம் 2 முதல் இரவு 8 வரை. ஆனால் டீக்கடைக்காரர் இருவரையும் சேர்ந்து பார்த்ததாகச் சொல்வது இரவு 9 மணி. இந்த மாதிரி இடறலை வேண்டுமென்றே வையுங்கள்.

ஒப்புதல் வாக்குமூலத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. அதைத் தொடர்ந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுக்கக் காரணமான பகுதி மட்டும் செல்லும். சாட்சியச் சட்டத்தின் பழைய எண் 27, புதிய சட்டத்தில் 23. எதுவரை செல்லும் என்பதை புலுக்குரி கோட்டையா வழக்கில், அன்று நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1946 டிசம்பரில் வரையறுத்தது. 'அவனைக் கொன்னுட்டு வீட்டைப் பூட்டின சாவியைக் கிணத்து மேட்டுப் பொந்துல வச்சிருக்கேன், வந்தா எடுத்துக் காட்டுறேன்' என்பதில் 'கொன்னுட்டு வீட்டைப் பூட்டின' என்ற துண்டு செல்லாது. சாவி இருக்கும் இடம் அவருக்குத் தெரியும் என்பது மட்டும் நிற்கும். ஒரே வாக்கியத்தில் பாதி சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. உளவியல் கதை எழுதுபவருக்கு இதைவிட வளமான இடம் கிடைப்பது கஷ்டம்.

சாவியைக் கண்டெடுத்ததற்கான மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் வருவார்கள். சில வழக்குகளில் குற்றவாளி தானாகவே வி.ஏ.ஓ.விடம் போய் ஒப்புக்கொண்டதாகக்கூட வரும். முன்பின் தெரியாத வி.ஏ.ஓ.விடம் ஒருவர் ஏன் போய் மனதைத் திறக்க வேண்டும் என்று வக்கீல்கள் கேட்கும் கேள்வியை உங்கள் வக்கீலும் கேட்கட்டும்.

கடைசியாக, பழைய நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 313இன்படி குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி நேரடியாகக் கேட்கும் கேள்விகள். உறுதிமொழி இல்லாமல் கேட்பது. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் 'பொய்', 'தெரியாது' என்றே பதில் இருக்கும். நாற்பது கேள்விக்கும் 'பொய்' என்று எழுதுங்கள். ஒரே ஒன்றுக்கு மட்டும் வேறு பதில். 'பூட்டு நீங்கள் செய்ததா?' என்பதற்கு 'ஆமாம், நான் செய்ததுதான்.' தொழிலைப் பற்றி மட்டும் அவரால் பொய் சொல்ல முடியவில்லை. வக்கீலுக்கு அந்த மனிதர் முதன்முதலாகக் கண்ணில் படுவது இந்த வரியில்தான்.

4. கட்டில் உள்ள ஓட்டைகளை எண்ணுங்கள்

நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கு என்றால் சூழ்நிலைச் சாட்சியங்கள் ஒரு சங்கிலியாக நிற்க வேண்டும். 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஐந்து நிபந்தனைகள் சொன்னது. சாரம் இது: ஒவ்வொரு கண்ணியும் நிரூபிக்கப்பட வேண்டும், எல்லாம் சேர்ந்து குற்றத்தை மட்டுமே காட்ட வேண்டும், வேறு விளக்கத்துக்கு இடம் இருக்கக் கூடாது.

உங்கள் கட்டை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். மூன்று ஓட்டை போதும். ஒன்று பெரிதாகத் தெரிந்து உதவாமல் போக வேண்டும். நேர முரண்பாடு அப்படிப்பட்டது; மருத்துவர் சொல்வது உத்தேச நேரம்தானே என்று நீதிமன்றம் தள்ளிவிட முடியும். இன்னொன்று, மாஜிஸ்திரேட்டுக்குப் போன தாமதம், கொஞ்சம் உதவும். மூன்றாவது யார் கண்ணிலும் படாதது: பூட்டும் சாவியும் தனித்தனிச் சான்றுப் பொருளாகக் குறிக்கப்பட்டன. அந்தச் சாவியை அந்தப் பூட்டில் போட்டு யாரும் திருப்பிப் பார்க்கவே இல்லை.

பத்துப் பதினைந்து ஓட்டை போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கீழ் நீதிமன்ற நீதிபதியும் போலீசும் முட்டாள்களாகிவிடுவார்கள், வக்கீலின் வெற்றிக்கு மதிப்பு இருக்காது.

5. வக்கீல் ஏன் இந்தக் கட்டை எடுத்தார்

'உண்மையைக் கண்டுபிடிக்க' என்று எழுதாதீர்கள். மேல்முறையீட்டு வக்கீலின் வேலை அது இல்லை. கீழ் நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியம் தண்டனைக்குப் போதுமா என்று வாதிடுவது. இந்தத் தொழில் எல்லையை அவர் மெல்ல மெல்லத் தாண்டுவதுதான் கதை. எல்லை தெரியாமல் தாண்டலைக் காட்ட முடியாது.

நடைமுறைக் காரணம் ஒன்று கொடுங்கள். சிறையில் இருப்பவர் யாராக இருந்தாலும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் உள்ள சட்டப் பணிகள் குழு வழியாக கட்டு அவர் மேசைக்கு வரலாம். குறைந்த கட்டணம், நிறையப் பக்கம், சீனியர் தள்ளிவிட்ட வேலை.

அதோடு ஒரு அந்தரங்கக் காரணம் வேண்டும், ஆனால் அது கொலையோடு சம்பந்தப்பட்டதாக இருக்கக் கூடாது. 'அவருடைய அப்பாவும் கொலை செய்யப்பட்டவர்' என்பதைப் பத்துப் பிரதியில் ஆறில் பார்க்கிறேன். சின்னதாக வையுங்கள். அவர் நடத்திய கடைசி மூன்று மேல்முறையீடும் தள்ளுபடி. சீனியர் எதுவும் சொல்லவில்லை. கட்டுகளை மட்டும் வேறு ஜூனியருக்குக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். ஜெயிக்க வேண்டும் என்ற அந்தத் தவிப்பில்தான் கைதி கையை வைப்பார்.

6. கைதியின் மனதுக்கு நோய்ப் பெயர் வைக்காதீர்கள்

'சைக்கோ' என்ற சொல்லை உங்கள் குறிப்பேட்டில்கூட எழுத வேண்டாம். இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாத சைக்கோபதி வேறு, நிஜ உலகோடு தொடர்பு அறுந்துபோகும் சைக்கோசிஸ் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவது இந்த வகைக் கதைகளில் மிகச் சாதாரணமான தவறு. சைக்கோபதியை அளக்கும் ராபர்ட் ஹேரின் பட்டியலில் 20 அம்சங்கள் உண்டு. பயிற்சி பெற்றவர் நேர்காணலோடு பழைய ஆவணங்களையும் பார்த்து மதிப்பெண் போடுவது. ஒரு முறைப்பையும் ஒரு சிரிப்பையும் வைத்து முடிவு செய்கிற விஷயம் இல்லை. கொலைக் குற்றவாளிகளில் நிறையப் பேர் எந்தப் பட்டியலிலும் வராதவர்கள்.

பெயருக்குப் பதிலாக ஒரு தேவையை வையுங்கள். நம் ஆளுக்கு ஒரே தேவைதான்: மகள் பெயர் எந்தக் காகிதத்திலும் வரக்கூடாது. அவர் சொல்லும் ஒவ்வொரு பொய்யும், காட்டும் ஒவ்வொரு கனிவும் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். வக்கீலை அவர் கையாள்கிறார் என்பது உண்மை. கெட்ட எண்ணத்தில் கையாளவில்லை என்பதும் உண்மை. இரண்டும் சேரும்போதுதான் வாசகருக்கு வயிற்றைப் பிசையும்.

நினைவு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் படியுங்கள். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, ஒரு குழுவிடம் கார்கள் 'மோதியபோது' என்றும் இன்னொரு குழுவிடம் 'மோதி நொறுங்கியபோது' என்றும் கேட்டார்கள். நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்களில், படத்தில் இல்லவே இல்லாத கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் அதிகம். கேள்வியின் சொல் நினைவை மாற்றிவிடுகிறது. உங்கள் வக்கீல் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் கைதியின் அந்த ராத்திரியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டே இருக்கும்.

இதற்கு ஒரு பயிற்சி. அந்த ராத்திரியைக் கைதியின் வாயால் நான்கு முறை எழுதுங்கள்: போலீசிடம், முதல் வக்கீலிடம், இவரிடம் முதல் சந்திப்பில், இவரிடம் கடைசிச் சந்திப்பில். ஒவ்வொன்றிலும் மாறாத ஒரு சின்ன விவரம் இருக்கட்டும். நான் வைத்தது, அடுப்பில் பொங்கி வழிந்த பால். வாசகர் கடைசிவரை பிடித்துக்கொண்டு வர அது ஒன்று போதும்.

7. சந்திப்புகளை ஆறுக்குள் அடக்குங்கள்

திண்டுக்கல் அமர்வு நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் மதுரை மத்திய சிறையில் இருப்பார் என்று வைத்துக்கொள்வோம். விசாரணைக் கைதி சொந்த உடையில் இருக்கலாம். தண்டனைக் கைதிக்குச் சிறைச் சீருடை. வக்கீல் வாசலில் செல்போனைக் கொடுத்துவிட்டு, மனு எழுதிக்கொடுத்துக் காத்திருக்க வேண்டும். காவலரின் கண்ணுக்கு எட்டும், காதுக்கு எட்டாத தூரத்தில்தான் பேச்சு நடக்க வேண்டும் என்பது விதி. இருபது சந்திப்பு எழுதினால் அது பழகிய இடமாகி, பயம் போய்விடும். ஆறு சரியான அளவு.

ஒவ்வொரு சந்திப்பிலும் ஏதாவது ஒன்று கை மாற வேண்டும்: ஒரு கையெழுத்து, ஒரு பெயர், ஒரு பொய். வெறும் பேச்சாக எந்தச் சந்திப்பும் இருக்க வேண்டாம்.

நம் மொழியில் இதற்கென்று ஒரு நல்ல கருவி இருக்கிறது, விளிச்சொல். ஆரம்பத்தில் அவர் 'மேடம்' என்பார். இரண்டு சந்திப்பு கழித்து 'வக்கீலம்மா'. பிறகு ஒருநாள் 'தாயி'. அவர் எவ்வளவு நெருங்கிவிட்டார் என்று நீங்கள் ஒரு வரிகூட விளக்க வேண்டாம். என் நான்காவது சந்திப்பின் ஒரு துண்டு:

"சாவியை அந்தப் பூட்டுல போட்டுப் பார்க்கச் சொல்லி மனு போடலாம்ணே."

அவர் மேசைமேல் விரலால் ஒரு வட்டம் போட்டார். "வேண்டாம் தாயி."

"பொருந்தலைன்னா நீங்க வெளிய வந்துடலாம்."

"பூட்டுன்னா ரெண்டு சாவி இருக்கும் பாப்பா," என்றார். சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் வாழ்க்கையில் 'பாப்பா' என்று ஒரே ஒருத்தியைத்தான் கூப்பிட்டிருக்கிறார். வக்கீலுக்கு அது அன்றைக்குப் புரியாது. பஸ்ஸில் திரும்பி வரும்போதும் புரியாது. அறுபது பக்கம் கழித்து, மகளைப் பார்க்கப் போன வீட்டில் பாட்டி அவளைக் கூப்பிடும் குரலில் புரியும்.

தன்னை விடுவிக்கக்கூடிய ஒரே சோதனையை ஒருவர் ஏன் மறுக்கிறார்? இந்தக் கேள்வி நாவலின் நடுவுக்குள் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் வாசகர் போய்விடுவார்.

8. ரகசியத்தின் எல்லையைச் சரியாக வரையுங்கள்

கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. சாட்சியச் சட்டத்தில் 126, புதியதில் 132. வழக்கு முடிந்த பிறகும் இந்தக் கடமை நீடிக்கும். விலக்கு உண்டு: சட்டவிரோதமான நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகச் சொன்னதற்குப் பாதுகாப்பு கிடையாது, வக்கீல் வழக்கை எடுத்த பிறகு ஒரு குற்றமோ மோசடியோ நடந்திருப்பதை அவர் தன் வேலையின் ஊடாகக் கண்டால் அதற்கும் கிடையாது.

அப்படியென்றால் 'நான்தான் கொன்னேன்' என்று அவர் சொன்னால் வக்கீல் வாயைத் திறக்க முடியாது. 'அந்த டீக்கடைக்காரரை ஆள் வச்சு மிரட்டணும், ஏற்பாடு பண்ணுங்க' என்றால் நிலைமை வேறு. புதியவர்கள் வக்கீலை நேராகப் போலீசுக்கு ஓடவிடுகிறார்கள், இல்லையென்றால் எதற்குமே வாய் திறக்காதவராக்குகிறார்கள். கோட்டின் மேலேயே அவரை நடக்கவிடுங்கள்.

ஒப்புக்கொண்ட பிறகும் அவருக்காக வாதிடலாமா என்று வாசகர் கேட்பார். குற்றத்தைப் பற்றித் தன் சொந்தக் கருத்து எதுவாக இருந்தாலும் வக்கீல் குற்றம் சாட்டப்பட்டவரைப் பாதுகாக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. சாட்சியம் போதாது என்று வாதிடலாம். வேறொருவர்தான் செய்தார் என்று தெரிந்தே ஒரு பொய்யைக் கட்டக் கூடாது. நம் வக்கீல் சிக்கும் இடம் இதுதான். சாவி பொருந்தவில்லை என்றால் 'அப்படியானால் பூட்டியது யார்' என்ற கேள்வி தானாக எழும். அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்பது அவருக்கு இப்போது தெரியும்.

9. எதை எப்போது சொல்வது என்று ஒரு தாளில் கட்டம் போடுங்கள்

மேலிருந்து கீழாக மூன்று பத்தி: வாசகருக்குத் தெரிந்தது, வக்கீலுக்குத் தெரிந்தது, கைதி மறைப்பது. அத்தியாயத்துக்கு ஒரு வரி. எந்த அத்தியாயத்திலும் மூன்றும் மாறவில்லை என்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். என் பிரதியில் நாற்பதில் ஒன்பது போனது.

கொல்லப்பட்டவருக்கும் இந்தத் தாளில் இடம் கொடுங்கள். வட்டிக்காரர் என்றதும் அவரைக் கெட்டவராக்கிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். அவருடைய தங்கை ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும். அவர் அங்கே இருப்பதால்தான் வக்கீலின் வெற்றிக்கு ஒரு விலை உண்டாகும்.

10. உயர் நீதிமன்றக் காட்சி

சுருக்கமாக எழுதுங்கள். அங்கே சாட்சிகள் வருவதில்லை, குறுக்கு விசாரணை இல்லை, பெரும்பாலும் கைதிகூட வருவதில்லை. இரண்டு நீதிபதிகள், டைப் செட், பக்க எண்கள். கூண்டில் கைதியை நிறுத்தி வக்கீலை முறைக்க வைத்த காட்சி உங்களிடம் இருந்தால் அதைச் சிறைக்கு மாற்றுங்கள்.

மேல்முறையீட்டிலும் கூடுதல் சாட்சியம் எடுக்கச் சொல்லிக் கேட்க வழி உண்டு. பழைய நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 391. அந்த மனு தயாராகி, கையெழுத்தாகி, வக்கீலின் பைக்குள் இருக்கிறது. கொடுப்பாரா மாட்டாரா என்பதுதான் காட்சி. ஒரு நீதிபதி தானாகவே, "சாவியைப் பூட்டில் போட்டுப் பார்த்தார்களா?" என்று கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்றும் எழுதிப் பாருங்கள். நான் அந்தக் கேள்வியை நீதிபதியின் வாயில் வைத்தேன். வக்கீல் பதில் சொல்வதற்குள் உணவு இடைவேளை வந்தது.

11. முடிவுக்கு 90 நாள் இருக்கிறது

விடுதலையோடு நாவலை முடிக்கிறவர்கள் ஒரு நல்ல வாய்ப்பை விட்டுவிடுகிறார்கள். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து உயர் நீதிமன்றம் விடுவித்தாலும் அரசு உச்ச நீதிமன்றம் போகலாம். அதற்கான கெடு 90 நாள். அந்த நாட்களில் வெளியே இருக்கும் அவரும் வக்கீலும் இனி ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நாற்பதாவது நாள் அவர் அலுவலக வாசலில் வந்து நிற்கிறார், கையில் ஒரு புதுப் பூட்டோடு. சாவி இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

இதற்கு மேல் விளக்கம் எழுதாதீர்கள். மகளைக் கைது செய்யும் காட்சி, வக்கீலின் குற்ற உணர்ச்சிப் புலம்பல், எதுவும் வேண்டாம். வாசகரிடம் எல்லாக் கண்ணியும் கொடுத்தாகிவிட்டது.

12. திருத்தும் வரிசை

முதலில் தேதி, நேரம், பிரிவு எண். இவற்றுக்கு மட்டும் ஒரு தனி வாசிப்பு, நடையைத் தொடாதீர்கள். இரண்டாவது வாசிப்பு கைதியின் பேச்சுக்கு: நான்கு வாக்குமூலத்தையும் அடுத்தடுத்து வைத்துச் சத்தமாகப் படியுங்கள். திண்டுக்கல் பேச்சு நடுவில் சென்னைப் பேச்சாக மாறியிருந்தால் காதில் உறுத்தும். மூன்றாவதாகப் பிரதியை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் கிரிமினல் வக்கீல். இன்னொருவர் நீதிமன்ற வாசலையே மிதிக்காதவர். முதலாமவர் எந்தப் பக்கத்தில் பென்சில் வைத்தார், இரண்டாமவர் எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டுப் போனார் என்ற இரண்டையும் கேட்டு வாங்கி, அந்தப் பக்கங்களிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.